நீல வண்டியும் ஈர வேட்டியும்

யய்யா,

செல்போனை வைத்தால் சத்தம் கேட்காது என்று எவன் சொன்னான்? திங்கட்கிழமை சாயங்காலம் நீ வைத்தாய், எனக்குக் கேட்டது. "அந்த வெள்ள வண்டிய வாங்குததுக்கு நான் பஸ்லயே போயிட்டு வாரேன் பெரியப்பா. இனிமே வண்டி பாக்க ஒங்களக் கூட்டிட்டுப் போனா என்னயச் செருப்பால அடிங்க" என்று சொல்லிவிட்டு வைத்தாய். அடிக்க எனக்கும் ஆசைதான். ஆனால் மறுநாள் நான் ஒரு காரியம் செய்துவிட்டேன். அதை உன்னிடம் சொல்லியாக வேண்டும். போனில் கூப்பிட்டால் நீ எடுக்கமாட்டாய், எடுத்தாலும் நம்பமாட்டாய். நான் வாயைத் திறந்தால் ஒன்று பத்தாகிவிடும் என்று நம் வீட்டில் எல்லோரும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறீர்கள். எழுதினால் கை வலிக்கும். ஒன்று மூன்றோடு நின்றுவிடும். அதனால்தான் எழுதுகிறேன். இதை நீ மட்டும் படித்தாலும் சரி, தென்காசியே கூடி நின்று படித்தாலும் சரி, எனக்கு வெட்கமில்லை.

உன் அப்பன் பட்டாளத்தில் பனிமலையைக் காவல் காத்துக்கொண்டிருந்த காலமெல்லாம் உன்னைத் தோளில் போட்டு வளர்த்தவன் நான். உனக்கு கியர் போடக் கற்றுக் கொடுத்தவனும் நான்தான். இப்போது உனக்குத் தென்மலைப் பக்கம் ரப்பர் தோட்டத்து ஆபீஸில் வேலை, உன் பெண்டாட்டி கோமதிக்கு அங்கேயே ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை. கல்யாணம் முடிந்த கையோடு இரண்டு பேரும் தினமும் செங்கோட்டை தாண்டி, புளியரை மலை ஏறி இறங்கிப் போய்வர வேண்டும். அதற்கு ஒரு கார் வேண்டும். நீ பார்த்து வைத்திருப்பது இரண்டு. ஒன்று, இலஞ்சி அண்ணாச்சியின் பழைய நீல வண்டி. இன்னொன்று, மேலகரத்தில் ரிட்டயர்ட் ஆபீசர் ஒருத்தர் விற்கிற வெள்ளை வண்டி. வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்லவில்லை என்றால் நீலத்தை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவேன் என்று அண்ணாச்சி சொல்லிவிட்டார். கோமதி தினமும் உட்காரப்போகிற சீட்டுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று தெரியாமல் நீ பதில் சொல்லிவிடக் கூடாது. அதுதான் என் பயம். மற்றதெல்லாம் எனக்கு அருவருப்பு மட்டும்தான்.

அருவருப்பு எங்கே தொடங்கியது என்று கேட்டால், உன் செல்போனில்தான். சாப்பிடும்போதும் அதைத்தான் பார்க்கிறாய். தொப்பியைத் திருப்பிப் போட்ட ஒரு பயல், எவனோ வைத்திருந்து கழித்த வண்டியின் மூஞ்சியைத் தடவிக்கொண்டு, "இதுக்கு ஒரு சோல் இருக்கு மச்சி" என்கிறான். வண்டிக்கு ஆத்மாவாம். எனக்குத் தெரிந்து வண்டிக்கு இருப்பது ரேடியேட்டர். அது கொதித்தால் ஆத்மா தானாகப் போகும். அந்தப் பயல் பானட்டைத் திறக்கிறான், இன்ஜினைக் காட்டுகிறான், சைலன்ஸருக்குப் பின்னால் காதை வைத்துக் கண்ணை மூடுகிறான். ஒரு தடவையாவது குனிந்து வண்டியின் அடிவயிற்றைப் பார்த்தானா? கால் மிதிக்கிற இடத்தில் மூக்கை வைத்தானா? மாட்டேன் என்கிறான். ஏனென்றால் அவன் குற்றாலத்துக்குப் பக்கத்தில் பிறக்கவில்லை.

நான் ஒன்பதாம் வகுப்பில் பாதி. மீதிப் பாதியை ஸ்டீயரிங்கில் படித்தேன். சீசனுக்கு வேன் ஓட்டி, சீசன் இல்லாதபோது வயலைப் பார்த்து, இந்தத் தென்காசி வட்டாரத்தில் என் மூக்கு ஏறாத வண்டி கிடையாது. கண்ணைக் கட்டிவிட்டு ஒரு வண்டியின் கதவைத் திறந்தால், அதில் பழைய குற்றாலத்துக்குப் போனார்களா ஐந்தருவிக்குப் போனார்களா என்று சொல்லிவிடுவேன். சிரிக்காதே. ஒருமுறை கடையத்தில் ஒரு வண்டியை முகர்ந்து பார்த்து, "இதுல போன ஆடில ஒரு தலைச்சம்புள்ளக்காரி வாந்தி எடுத்திருக்கா" என்றேன். வண்டிக்காரன் என் காலைத் தொட்டுக் கும்பிட்டான். சரி, காலைத் தொடவில்லை. ஆனால் முழித்தான்.

இப்போது நான் சொல்லப்போவது எந்தச் செல்போனிலும் வராது. ஊர் ஊராக வண்டி வாங்குகிறவர்கள் எல்லோரும் எதைத் தேடுகிறார்கள்? உள்ளூர் வண்டி, ஒரே ஆள் வைத்திருந்தது, தூரப் பயணம் போகாதது. நீயும் அதைத்தான் சொன்னாய். "பெரியப்பா, சிங்கிள் ஓனரு. இலஞ்சியத் தாண்டி வண்டி போவவே இல்ல" என்று கண் விரியச் சொன்னாய். அங்கேதான் எனக்குக் குமட்டியது. மதுரையிலிருந்தும் மெட்ராஸிலிருந்தும் குற்றாலத்துக்கு வருகிறானே, அவன் அசிங்கம் பிடித்தவன்தான். ஷாம்பு உறையையும் பிரியாணிப் பொட்டலத்தையும் ஓடையில் போட்டுவிட்டுப் போகிறவன்தான். ஆனால் அவனுக்குத் தூரம் போக வேண்டியிருக்கிறது. அதனால் அருவியில் குளித்துவிட்டுத் துவட்டி, வேறு துணி மாற்றி, காய்ந்த சட்டையோடு வண்டியில் ஏறுகிறான். நாம்? நமக்கு வீடு கூப்பிடு தூரம். துணி மாற்றுகிற அறைக்குப் போவது வெளியூர்க்காரன் வேலை என்று நமக்கு ஒரு கெப்பர், ஒரு வீறாப்பு. போதாக்குறைக்கு அது மூலிகைத் தண்ணி, துடைத்தால் பலன் போய்விடும், உடம்பிலேயே காயணும் என்று சொல்லிக்கொண்டு, தலையிலிருந்து எண்ணெய் ஒழுக, சொட்டச் சொட்ட வேட்டியோடு வண்டியில் ஏறி உட்காருகிறோம். சீசன் முழுக்க. வருஷா வருஷம். அந்தத் தண்ணி எங்கே போகும்? சீட்டுக்குள் இறங்கி, கார்ப்பெட்டுக்குள் இறங்கி, அதற்கு அடியில் தகரத்தின் மேல் படுத்துக்கொள்ளும். வெளியில் பெயின்ட் பளபளக்கும். அடியில் தகரம் அப்பளம் மாதிரி ஆகிக்கொண்டிருக்கும். கடலோரத்து வண்டி வெளியிலிருந்து துருப்பிடிக்கும். நம்முடையது உள்ளேயிருந்து. உலகத்தில் வேறு எந்த ஊர்க்காரனும் மழைக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுத் தண்ணியைத் தானே உள்ளே கொண்டுவந்து ஊற்றமாட்டான். நாம் ஊற்றுவோம்.

நம் பழைய வேன் உனக்கு ஞாபகம் இருக்கும். கடையத்தில் ஒரு சடங்கு வீட்டுக்குப் போகும்போது தரை உடைந்து உன் பெரியம்மா கால் ரோட்டில் இறங்கியது என்று நான் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். தூக்குச்சட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு, சீட்டில் உட்கார்ந்தபடியே அவள் வண்டியோடு ஓடினாள், நான் பிரேக் போட்டபோது அவள் பிரேக் போடவில்லை என்று சொல்வேன். நீயும் சின்ன வயதில் விழுந்து விழுந்து சிரிப்பாய். அவள் ஓடவில்லை. ஒரு கால் கணுக்கால் வரைக்கும் இறங்கியது, செருப்பு போய்விட்டது, துருத் தகரம் சதையைக் கிழித்துவிட்டது. வண்டி மெதுவாகப் போனதால் அதோடு விட்டது. அன்று சடங்கு வீட்டில் எல்லோரும் பலகாரம் தின்றார்கள். அவள் ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுக்கொண்டாள். இன்றைக்கும் கொலுசு போடும்போது அந்த இடத்தைச் சுற்றித்தான் போடுகிறாள். மெதுவாகப் போன வண்டி அது. புளியரை இறக்கத்தில், எதிரே கல் லாரி வரும்போது, நீ ஆசைப்படுகிற வேகத்தில் போகிற வண்டி இல்லை.

இந்த நினைப்போடுதான் ஞாயிற்றுக்கிழமை உன்னோடு இலஞ்சிக்கு வந்தேன். தென்னந்தோப்புக்கு நடுவில் ஷெட்டில் அந்த நீல வண்டி நின்றது. வெளியழகை நான் குறை சொல்லமாட்டேன். தாழ்ந்து, அகன்று, பாயப்போகிற காளை மாதிரி நின்றது. நீ பார்த்த பார்வையைக் கோமதி பார்த்திருந்தால் தாய் வீட்டுக்குப் போயிருப்பாள். அண்ணாச்சி வெள்ளை வேட்டியும் விபூதியுமாக வந்து, "எம்மவ மாதிரி வச்சிருந்தேன் தம்பி" என்றார். நான் கதவைத் திறந்தேன். முதலில் வந்தது ஊதுபத்தி வாசனை. வண்டிக்குள் ஊதுபத்தி கொளுத்துகிறவன் எதையோ மறைக்கிறான். அதற்குப் பின்னால் வந்தது அந்த வாடை. சீட்டுத் தலையணையில் ஊறிய மசாஜ் எண்ணெய் சிக்கு, காயாத துண்டை மூட்டையாகக் கட்டிவைத்த மக்கல், எங்கேயோ ஒரு தவளை செத்த நெடி. புது மேட் போட்டிருந்தார். அதைத் தூக்கினேன். அதற்கடியில் கார்ப்பெட்டு. அதைக் கட்டைவிரலால் அமுக்கினேன். விரலைச் சுற்றி எண்ணெய் மிதக்கிற தண்ணி ஊறி வந்தது. இடது பக்க சீட்டுக்கு அடியில் கையை விட்டு உரித்தேன். அங்கே காளான் முளைத்திருந்தது. ஒரு குடும்பத்துக்குக் குழம்பு வைக்கிற அளவுக்கு. வெறும் வெள்ளைப் பூசணம், கால் ரூபாய் அகலம்தான் என்று நீ சாதிக்கிறாய். சரி, பூசணம். உன் சோற்றில் அந்த அகலத்துக்குப் பூசணம் இருந்தால் தின்பாயா?

"தூ" என்றேன். துப்பவில்லை. சொல்லத்தான் செய்தேன். அண்ணாச்சி முகம் கறுத்துவிட்டது. "அது ஏசித் தண்ணி வேய்" என்றார். "ஏசித் தண்ணில எண்ண மெதக்குமா அண்ணாச்சி? ஒங்க ஏசி தல தேச்சுக் குளிச்சுதோ?" என்று கேட்டேன். தோப்பில் தேங்காய் உரித்துக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். நீ என் முழங்கையைப் பிடித்து, "பெரியப்பா, வாய மூடிட்டு வாங்க" என்றாய். இந்த வயதில், நாலு பேர் நடுவில், நான் கியர் போடக் கற்றுக்கொடுத்த கையால் என்னைப் பிடித்து இழுத்தாய். பிறகு நீ மட்டும் வண்டியை எடுத்துக்கொண்டு ஐந்தருவி ரோட்டில் ஒரு சுற்றுப் போய் வந்தாய். வந்து இறங்கியபோது உன் முகத்தைப் பார்த்தேன். பல் தெரியச் சிரிக்கவில்லை. சும்மா அந்தக் கதவை மெதுவாகச் சாத்தினாய். எனக்கு அது நீ என்னை இழுத்ததைவிட எரிச்சலாக இருந்தது.

அதனால்தான் அன்றே உன்னை மேலகரத்துக்கு இழுத்துக்கொண்டு போய் அந்த வெள்ளை வண்டியைக் காட்டினேன். ஆபீசர் நல்ல மனிதர். வண்டி வாங்கி ஆறு வருஷம், சொன்ன தேதிக்கு சர்வீஸ், சீட்டில் போட்ட பிளாஸ்டிக் உறையைக்கூட இன்னும் கழற்றவில்லை. அவர் காலில் பையை மாட்டிக்கொண்டு வண்டியில் ஏறுகிறவர் என்று நினைக்கிறேன். தரையைத் தூக்கிப் பார்த்தேன், பிறந்த குழந்தையின் உள்ளங்கால் மாதிரி இருந்தது. "இதாம்லே வண்டி" என்று உன் முதுகில் தட்டினேன். நீ ஓட்டினாய், நான் பக்கத்தில் இருந்தேன். தென்காசியிலிருந்து குத்துக்கல்வலசை வரைக்கும் போய்த் திரும்பினோம். திரும்பி வந்தபோது உன் கண்ணில் ரேஷன் கடை வரிசையில் நிற்கிறவன் பார்வை இருந்தது. நான் அப்போது உன்மேல் கோபப்பட்டேன். இப்போது எழுதுகிறேன்: எனக்கும் அந்த வண்டியில் கொட்டாவி வந்தது. ஸ்டீயரிங் தயிர்சாதத்தில் கரண்டி விட்டதுபோல் சுற்றியது. அது பழுதாகாது, உண்மை. பழுதாவதற்கு முதலில் அதில் ஏதாவது நடக்க வேண்டும். அந்த பிளாஸ்டிக் உறையில் உட்கார்ந்ததும் முதுகு வேர்த்து ஒட்டிக்கொண்டது பார், பழைய பணியாரம் ஒட்டிய வாழையிலை மாதிரி, அதுவும் எனக்கு அருவருப்புதான். ஆனால் அந்த அருவருப்பைத் துடைத்துவிடலாம், ஆளைக் கொல்லாது. அதனால்தான் திங்கட்கிழமை போனில் "வெள்ளய வாங்குலே, வேற பேச்சே கெடையாது" என்றேன். நீ வைத்துவிட்டாய்.

இனிமேல்தான் செவ்வாய்க்கிழமை. அந்த நீல வண்டியை உனக்கு ஒரேயடியாக வெறுக்க வைக்க வேண்டும் என்று நினைத்தேன். தரை உளுத்தது என்று சொன்னால் நீ வெல்டிங் வைக்கலாம் என்பாய். மலையில் கொதித்தது, ஏற்றத்தில் இழுக்கவில்லை, பிரேக் பிடிக்கவில்லை என்று நானே ஓட்டிப் பார்த்துச் சொன்னால் வாயடைத்துவிடுவாய். காலையில் கஞ்சியைக் குடித்துவிட்டு நேரே இலஞ்சிக்குப் போனேன். அண்ணாச்சி தோப்பு வாசலில் நின்றார்.

"வாரும். ஞாயித்துக்கெழம சொன்ன தூ பத்தலன்னு மிச்சத்தத் துப்ப வந்தீராக்கும்?"

"வண்டிய மல ஏத்திப் பாக்கணும் அண்ணாச்சி."

"அன்னைக்குத்தான் மூக்கால ஓட்டியாச்சே."

"மூக்கு பாத்தது போதும். இப்பம் கை பாக்கணும். பயந்துக்கிட்டு இருக்கியளோ?"

"நான் எதுக்கு வேய் பயப்படணும்? எடும் சாவிய. நானும் வாரேன்" என்று இடது பக்கம் ஏறினார்.

ஏறினவர் செருப்பைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, சீட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். பந்தியில் இலை போடக் காத்திருக்கிறவர் மாதிரி. செங்கோட்டை வந்தது, காலைக் கீழே வைக்கவில்லை. புளியரை வந்தது, வைக்கவில்லை. பள்ளத்தில் வண்டி இறங்கி ஏறினால் இரண்டு முழங்காலையும் கையால் கட்டிக்கொள்கிறார்.

"என்ன அண்ணாச்சி, சம்மணம் போட்டிருக்கிய?"

"பழக்கம்."

"மவ மாதிரி வச்சிருந்தேன்னு சொன்னிய. மவ வீட்டுத் தரைல கால வைக்கக் கூடாதோ?"

அவர் கண்ணாடிக்கு வெளியே பார்த்தார். தன் காலைப் பத்திரமாகத் தூக்கி வைத்துக்கொண்டு, கோமதி காலுக்கு அந்த இடத்தை விற்க வந்த மனிதர் விபூதி பூசியிருக்கிறார். வண்டியை நிறுத்தி அவரை இறக்கிவிட்டிருப்பேன். ஆனால் அதற்குள் ஏற்றம் தொடங்கிவிட்டது.

புளியரை எஸ் வளைவு உனக்குத் தெரியும். கேரளத்துக்குக் கல்லும் மணலும் ஏற்றிக்கொண்டு போகிற லாரிகள் முக்கிக்கொண்டு, புகையைக் கக்கிக்கொண்டு, பச்சை மலைக்குக் கல்தூசியால் வெள்ளையடித்துவிட்டு ஏறுகின்றன. ஒரு லாரியின் பின்னால் இரண்டாவது கியரில் ஊர்ந்தேன், வேண்டுமென்றே. ஏசியையும் போட்டேன். கொதிக்கட்டும் என்று சூடு காட்டுகிற முள்ளையே பார்த்தேன். முள் நடுவில் நின்றது. கோயில் வாசலில் நிற்கிற போலீஸ்காரர்கூடக் கொஞ்சம் சாய்வார், இது சாயவில்லை. வளைவு தாண்டியதும் லாரிக்காரன் வழி விட்டான். மூன்றில் போட்டு மிதித்தேன். யய்யா, அதன் பிறகு என்ன நடந்தது என்று எனக்கு ஜோடிக்கத் தெரியவில்லை. இப்போது வருகிற வண்டிகளில் ஸ்டீயரிங்கை ஒரு மோட்டார் திருப்புகிறது. இதில் எண்ணெய் திருப்புகிறது. அந்த வண்டியில் இருந்த நல்ல எண்ணெய் அது ஒன்றுதான். சக்கரத்துக்கு அடியில் சரளைக் கல் இருந்தால் உள்ளங்கையில் சரளை, ஈரம் இருந்தால் உள்ளங்கையில் ஈரம். அடுத்த வளைவில் நான் திருப்பவில்லை, நினைத்தேன், அது போனது. அதற்கடுத்த வளைவிலும். கோட்டைவாசல் வரைக்கும் நான் ஒரு வார்த்தை பேசவில்லை. உன் பெரியம்மா இதை நம்பமாட்டாள், அண்ணாச்சியைச் சாட்சிக்கு அழைக்கலாம். அவர்தான், "என்ன வேய், மூச்சுப் பேச்சக் காணும்? மயக்கமா?" என்று கேட்டார்.

நீ ஐந்தருவி ரோட்டிலிருந்து வந்து கதவை ஏன் அப்படி மெதுவாகச் சாத்தினாய் என்று எனக்கு அப்போது தெரிந்தது. தெரிந்ததும் என்மேலேயே எனக்கு எரிச்சல். காளான் முளைத்த வண்டி, ஊதுபத்தி மணக்கிற வண்டி, இடது பக்கம் கால் வைக்க முடியாத வண்டி. அதில் ஏறி இந்த வயதில் எனக்கு என்ன இளிப்பு வேண்டிக் கிடக்கிறது? மேலே ஓரமாக நிறுத்தினேன். இறங்கிக் குனிந்து, டார்ச் அடித்து அடிவயிற்றைப் பார்த்தேன். தாங்குகிற சட்டம் முழுசாக இருந்தது. சக்கரம் மாட்டியிருக்கிற இடமெல்லாம் திடமாக இருந்தது. டிரைவர் பக்கம் தகரம் பிழைத்திருக்கிறது, அண்ணாச்சி தன் வேட்டியை மட்டும் வெளியே பிழிந்துவிட்டு ஏறியிருப்பார். இடது பக்கமும் பின்பக்கமும்தான் போய்விட்டது. குடும்பம் உட்கார்ந்த பக்கம். ஸ்க்ரூடிரைவரால் குத்தினேன், உள்ளே போய்விட்டது. மேலே இருந்து அண்ணாச்சி, "ஏ வேய், ஓட்டையப் பெருசாக்காதயும்!" என்று கத்தினார். "ஓட்டன்னு தெரியுதுல்லா?" என்று நான் கீழேயிருந்து கத்தினேன்.

அதுவரை தூறிக்கொண்டிருந்த சாரல் அப்போதுதான் மழையாக மாறியது. நம் ஊர் மழை தெரியுமே, மலையே கவிழ்ந்த மாதிரி. நான் வண்டிக்கு அடியிலிருந்து வெளியே வருவதற்குள் தலை முதல் கால் வரை தொப்பல். வேட்டியைப் பிழிந்தால் ஒரு வாளி நிரம்பும். சரி, ஒரு சொம்பு. அண்ணாச்சி கதவைத் திறந்து, "ஏறும் வேய், ஏறும்!" என்றார்.

நான் கதவில் கை வைத்தேன். வைத்த கை நின்றுவிட்டது.

"ஈரமா இருக்கேன் அண்ணாச்சி."

"அதுக்கென்ன இப்பம்? இந்தச் சீட்டுல எத்தன ஈரம் ஏறிருக்கு! நீரு ஒருத்தரு ஏறித்தான் கெட்டுப்போவப் போவுதா?"

"ஏற மாட்டேன்."

"கிறுக்குப் பிடிச்சிருக்காவே ஒமக்கு?"

"நீங்க ஓட்டிட்டுப் போங்க. நான் பஸ்ல வாரேன்" என்று சாவியை ஜன்னல் வழியாகக் கொடுத்துவிட்டேன். வேறு வழியில்லாமல் அவர் டிரைவர் சீட்டுக்கு நகர்ந்து, முதல் தடவையாகக் காலைத் தரையில் வைத்து, என்னைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டு போனார். நான் மழையில் நின்று அந்த நீலம் வளைவில் மறைகிறவரை பார்த்தேன். அரை மணி நேரம் நின்றிருப்பேன். சரி, அரை மணி இல்லை, அடுத்த பஸ் உடனே வந்துவிட்டது. ஏறி நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தேன். பக்கத்திலிருந்தவன் முகத்தைச் சுளித்து நகர்ந்தான். பஸ் சீட்டு நனைந்தால் எனக்கென்ன?

வீட்டுக்கு வந்து தலையைத் துவட்டும்போதுதான் உறைத்தது. எத்தனையோ வண்டியில், என் சொந்த வேனில், நான் கட்டிய பணத்தில் வாங்கிய சீட்டில், நான் ஒரு நாளும் ஈரத்தோடு ஏறாமல் இருந்ததில்லை. அடுத்தவர் வண்டி, அதுவும் உளுத்துப்போன வண்டி, அதற்குப் போய் மழையில் நின்றிருக்கிறேன். உன் பெரியம்மா துண்டை வாங்கிக்கொண்டு, "யாரு வண்டின்னு நெனச்சு நின்னிய?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டாள். நான் பேனாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

ஆகவே என் முடிவைக் கேள். நீலத்தை வாங்கு. என் வாயால் சொல்லிவிட்டேன், எனக்கே குமட்டுகிறது. ஆனால் அண்ணாச்சி ஊதுபத்தி கொளுத்திக் கொடுக்கிறபடி வாங்காதே. நாளைக்கே போய், இடது பக்கத்திலும் பின்னாலும் தரையை வெட்டியெடுத்துப் புதுத் தகடு வைத்து அவர் செலவில் பற்றவைத்துக் கொடுத்தால்தான் பேச்சு என்று சொல். மறுத்தால், "சம்மணம்" என்று ஒரு வார்த்தை சொல், போதும். கார்ப்பெட்டு, சீட்டு உறை, தலையணை எல்லாவற்றையும் உரித்து எரித்துவிடு. தோய்த்துப் போடலாம் என்று கோமதி சொன்னால் கேட்காதே, அந்தச் சிக்கு தோய்த்தால் போகாது. இன்ஜினுக்குள் ஓடுகிற பெல்ட்டை, அது எப்போது மாற்றியது என்று அவர் என்ன சத்தியம் பண்ணினாலும், நீ மாற்று. தண்ணி போகிற ரப்பர் குழாய் எல்லாவற்றையும் மாற்று. இருபது வருஷ ரப்பர் பார்க்க நன்றாகத்தான் இருக்கும், மலையில் வைத்துத்தான் கழுத்தை அறுக்கும். எஃப்.சி. புதுப்பித்திருக்கிறதா, பேர் மாற்ற முடியுமா என்று முதலில் பார். பார்ட்ஸ் தென்காசியில் கிடைக்காது, மதுரைக்கும் கோயம்புத்தூருக்கும் அலைவாய், அலையும்போது என்னைத் திட்டாதே. அது ஒர்க் ஷாப்பில் நிற்கிற நாளெல்லாம் இரண்டு பேரும் பஸ்ஸில்தான் போக வேண்டும், அதைக் கோமதியிடம் இப்போதே சொல்லிவிடு. கல்யாணத்துக்குப் பிறகு முதல் பொய் வண்டியைப் பற்றியதாக இருக்கக் கூடாது. வெள்ளை வண்டியை வாங்கினால் இந்தத் தொல்லை ஒன்றும் இல்லை. நிம்மதியாக இருப்பாய். அந்த நிம்மதியோடு உன் மூஞ்சியைத் தினமும் அவள்தான் பார்க்க வேண்டும், பாவம்.

தரை பற்றவைத்து முடிந்ததும் உடனே பணம் கொடுத்துவிடாதே. கோமதியைக் கூட்டிக்கொண்டு போ. அந்த இடது பக்கத்தில், சீட்டு மாட்டுவதற்கு முன்னால், மேட் போடுவதற்கு முன்னால், அவளை ஏறி நிற்கச் சொல். இரண்டு காலையும் ஊன்றி நன்றாகக் குதிக்கச் சொல். அவளுக்குப் பயமாக இருந்தால் உன் பெரியம்மா வருகிறேன் என்கிறாள், அவளுக்கும் அந்தத் தரையில் ஒரு கணக்குத் தீர வேண்டியிருக்கிறது. அவர்கள் குதித்தும் தகடு பேசாமல் இருந்தால், சாவியை வாங்கு.

அதன் பிறகு அந்த வண்டிக்கு ஒரே ஒரு சட்டம். ஈரத்தோடு யாரும் ஏறக் கூடாது. உன் மாமனார் வந்தாலும் சரி, சாரல் பார்க்க வருகிற சொந்தக்காரன் எவன் வந்தாலும் சரி, மூலிகைத் தண்ணி, உடம்பிலேயே காயணும் என்று எவன் சொன்னாலும் சரி, ரோட்டோரத்தில் நிறுத்தித் துவட்டவை. முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும். உன்னைக் கெப்பர் பிடித்தவன் என்பார்கள். பெரியப்பாவைப் போல என்று சொல்லிக்கொள்.

அருவிக் கரையில் நானே நின்று கையைக் காட்டினால் நீ வண்டியை நிறுத்து, ஆனால் கதவைத் திறக்காதே. முதலில் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி என் வேட்டியைத் தொட்டுப் பார். நான் சத்தம் போடுவேன், உன்னைத் தோளில் தூக்கி வளர்த்தேன் என்று ஊர் கூட்டுவேன், காய்ந்துவிட்டது என்று கூசாமல் பொய் சொல்வேன். என் பேச்சைக் கேட்காதே. ஈரம் இருந்தால் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் போய்க்கொண்டே இரு. எனக்கு பஸ் இருக்கிறது.

பெரியப்பா